மூன்று படி ஏறிவிட்டேன், மாடி எங்கே?

கேள்வி: ஐயா, எங்களுக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். எனக்கு வயது 34. கணவர் லாரி ஓட்டுகிறார். போன வருடம் சிப்பிக் காளான் பயிற்சி எடுத்துவிட்டு, டிசம்பரில் வீட்டுத் தாழ்வாரத்தில் 10 பெட் (வைக்கோல் அடைத்த காளான் பை) போட்டேன். 6 கிலோ வந்தது. தெருவிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தைரியத்தில் நகையை அடகு வைத்து, தென்னங்கீற்றுக் குடில் போட்டு, பிப்ரவரியில் 120 பெட் வைத்தேன். வைக்கோலை ஒரே டிரம்மில் மூன்று தடவையாக அவித்தோம். மாமனார் கடலைக்கு விதைநேர்த்தி (விதையில் மருந்து கலப்பது) செய்யும் திண்ணையில் ஆற வைத்தோம், வேறு இடம் இல்லை. பாதிக்கு மேல் பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. முதலில் கட்டிய பைகள் தேவலை, கடைசியில் கட்டியவைதான் ரொம்ப மோசம். மார்ச்சில் 100 பெட். வெள்ளை (காளான் இழை) நன்றாக ஓடியது, கடுகு மாதிரி மொட்டும் வந்தது, அப்புறம் மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. மே மாதம் இன்னொரு 100. வெள்ளையே ஓடவில்லை, நாற்றமெடுத்துவிட்டது. அந்தப் பைகள் இன்னும் குடிலில் தொங்குகின்றன. எடுத்துப் போட மனசு வரவில்லை. எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் போய்விட்டது. “இது நமக்கு ராசியில்லை” என்கிறார் மாமியார். “தோல்விதான் வெற்றியின் முதல் படி” என்று பயிற்சியில் ஒருவர் பேசினார். மூன்று படி ஏறிவிட்டேன் ஐயா, மாடி எங்கே? நான்காவது தடவை வைக்கலாமா, விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை மாடியைப் பற்றிக் கேட்டிருந்த இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இரண்டாவது தடவை படித்தபோது, பதிலில் முக்கால்வாசியை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள் என்று தெரிந்தது.

அந்தப் படிக்கட்டு வசனத்தை நானும் மேடைகளில் பேசியவன்தான். பேசினால் கைதட்டுவார்கள். இப்போது பேசுவதில்லை. தாவர நோயியல் படித்து, காளானோடும் பூசணத்தோடும் முப்பது வருடத்துக்கு மேல் காலம் தள்ளியவன் நான். ஒரே தவறைப் பத்து வருடம் விடாமல் செய்து, ஒவ்வொரு வருடமும் தோற்று, கடைசிவரை கீழ்ப்படியிலேயே நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தோற்பது தானாக யாரையும் மேலே ஏற்றிவிடாது. ஏன் தோற்றது என்று தெரிந்துகொண்டால்தான் அந்தத் தோல்விக்கு விலை உண்டு. தெரியாவிட்டால் அது வெறும் நட்டம்.

நீங்கள் மூன்று தடவை தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள். நான் பார்ப்பது வேறு. ஒருவருக்கு ஜனவரியில் காய்ச்சல், மார்ச்சில் கால் சுளுக்கு, மே மாதம் வெயில் மயக்கம் வந்தால், “இவருக்கு மூன்று தடவை உடம்பு சரியில்லாமல் போனது, இவர் பிழைக்க மாட்டார்” என்று எந்த வைத்தியராவது சொல்வாரா? உங்கள் பிப்ரவரி, மார்ச், மே மூன்றும் தனித்தனி வியாதிகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை.

அதற்கு முன்னால் உங்கள் டிசம்பர் வெற்றியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கில் உங்களை ஏமாற்றியது அதுதான். சிப்பிக் காளானுக்கு வேண்டியது 20 முதல் 28 டிகிரி வரை வெப்பம், 80 முதல் 85 சதவீதம் காற்றில் ஈரப்பதம். உங்கள் பக்கத்தில் மார்கழியில் வானமே அதைக் கொடுத்துவிடுகிறது. பத்து பைக்கு அரை கிலோ வீதம் ஐந்து கிலோ வைக்கோல். அதை அந்த டிரம்மில் போட்டால் நீந்திக்கொண்டிருக்கும், எல்லாப் பக்கமும் சூடு ஏறும். ஒரு மணி நேரத்தில் பை கட்டி முடித்திருப்பீர்கள். ஐந்து கிலோ வைக்கோலில் 6 கிலோ காளான் நல்ல மகசூல், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் உங்கள் கை வேலை எவ்வளவு, மார்கழிப் பனியின் வேலை எவ்வளவு என்று அந்த 6 கிலோ உங்களிடம் சொல்லவில்லை. வெற்றி பெற்ற பையை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அறுத்தோம், விற்றோம், சந்தோஷப்பட்டோம், அவ்வளவுதான். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பார்கள். நீங்கள் ஆழம் பார்த்துவிட்டுத்தான் விட்டீர்கள். ஆனால் பார்த்தது கரையோரத்தில்.

சரி, பிப்ரவரிக்கு வருவோம்.

120 பைக்கு வேண்டியது 60 கிலோ வைக்கோல். அதை மூன்று தடவையாக அவித்தால் ஒரு தடவைக்கு 20 கிலோ. 200 லிட்டர் டிரம்மில் 20 கிலோ நறுக்கிய வைக்கோல் என்றால் காலால் மிதித்துத்தான் திணித்திருப்பீர்கள். ஓரத்தில் தண்ணீர் கொதிக்கும், நடுவில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். 80 டிகிரிச் சூடு ஒரு மணி நேரம் நடுவைக்கோலுக்கும் கிடைக்க வேண்டும். என் அனுபவத்தில் அந்த டிரம்முக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோதான் அளவு. அப்படியானால் ஐந்தாறு தடவை அவிக்க வேண்டும், ஒரு முழுப் பகல் அதற்கே போய்விடும். அவ்வளவு நேரம் உங்களுக்கு இல்லை, அதனால் திணித்தீர்கள்.

அடுத்து நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தத் திண்ணை. கடலைக்கு விதைநேர்த்தி என்றால் உங்கள் மாமனார் பெரும்பாலும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூசணப் பொடியைத்தான் கலந்திருப்பார், கிலோ விதைக்கு 4 கிராம். வேரழுகலுக்கு அருமையான மருந்து. விவசாயிகளிடம் அதைப் போடச் சொல்லி நானே ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறேன். ஆனால் அம்மா, உங்கள் பையில் பிடித்த பச்சைப் பூசணம் எது தெரியுமா? அதே டிரைக்கோடெர்மா இனம்தான். வயலில் மற்றப் பூசணங்களைத் தின்று பயிரைக் காப்பாற்றுவது, காளான் பையில் காளானையே தின்றுவிடும். காளானும் பூசணம்தானே, அது ஆள் பார்க்காது. அந்தப் பொடி உதிர்ந்த திண்ணையில் அவித்த வைக்கோலைப் பரப்பி ஆற வைத்திருக்கிறீர்கள். எதிரிக்கு இலை போட்டுப் பந்தி வைத்த மாதிரி. முதலில் கட்டிய பைகள் தேவலை, கடைசியில் கட்டியவை மோசம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிக்காக உங்களுக்கு மதிப்பெண் போடலாம். பின்னால் கட்டியவை திண்ணையில் அதிக நேரம் கிடந்தவை. மற்றதை நான் சொல்லவே வேண்டாம்.

எல்லாப் பச்சைக்கும் திண்ணையே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அரைகுறையாக அவிந்த வைக்கோலிலும் இது வரும். இரண்டும் சேர்ந்திருக்கலாம். பையைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். காளான் விதை என்பது புட்டியில் தானிய மணிகளின் மேல் வளர்த்த காளான் இழைதான். பச்சை, அந்த விதை மணிகளைச் சுற்றித் தொடங்கியிருந்தால் புட்டியில் கோளாறு. நடு வைக்கோலில் திட்டுத் திட்டாக இருந்தால் அவித்ததில் கோளாறு. துளைகளைச் சுற்றியும் பை வாயிலும் மட்டும் இருந்தால் கட்டின பிறகு வெளியிலிருந்து வந்தது. உங்கள் பிப்ரவரிப் பைகளை யாராவது இப்படிப் பார்த்தார்களா? எரித்துவிட்டிருப்பீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். பார்க்கவே பிடிக்காத ஒன்றைக் கண்ணை விட்டு அகற்றுவது மனித சுபாவம்.

மார்ச் மாதம் நடந்தது தோல்வி என்றே எனக்குத் தோன்றவில்லை. பாதித் தோல்வி என்று வேண்டுமானால் சொல்லலாம். வெள்ளை நன்றாக ஓடியது என்றால் வைக்கோல் நன்றாக அவிந்திருக்கிறது, விதை நல்ல விதை, உங்கள் கை சுத்தம். பிப்ரவரிப் பாடத்தை உங்களுக்கே தெரியாமல் பாதி கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். மொட்டு வந்து காய்ந்தது என்றால் அது குடிலின் குறை. மார்ச்சில் காற்று வறண்டு வீசும். கீற்றுத் தட்டி அதைத் தடுக்காது. தரையில் ஆற்று மணல் பரப்பி நனைத்து வைத்தீர்களா? சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிட்டீர்களா? ஈரப்பதம் எத்தனை என்று பார்க்கக் கருவி வைத்திருந்தீர்களா? கடிதத்தில் இல்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு சந்தேகமும் உண்டு. மொட்டு வாடுவதைப் பார்த்துப் பதறி, நேராக மொட்டின் மேலேயே தண்ணீர் தெளித்தீர்களா? புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். அதில் மொட்டு மஞ்சளாகி அழுகும். ஈரம் காற்றில் இருக்க வேண்டும், மொட்டின் தலையில் அல்ல.

மே மாதத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வெயிலில் சிப்பிக் காளானை நான் வைத்திருந்தாலும் தோற்றிருப்பேன். வெள்ளை ஓடும்போது பை தானே சூடாகும். குடிலில் 36 டிகிரி என்றால் பைக்குள் அதைவிடக் கூடுதல். விதைப் புட்டிகளை மதியப் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தால், பையில் போடுவதற்கு முன்பே விதை செத்திருக்கும். இதில் உங்கள் திறமையைக் குறை சொல்ல எதுவும் இல்லை, காலண்டரைத்தான் பார்க்கவில்லை. அந்த மாதங்களுக்கென்று பால் காளான் இருக்கிறது. 30 முதல் 35 டிகிரியில் வரும். மேற்கு வங்கத்தில் 1974-இலேயே இதைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். ஆனால் நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை நிலையத்திலிருந்து ஏ.பி.கே.2 என்ற ரகமாக வெளிவந்தது 1998-இல். இடையில் 24 வருடம். ஒரு காளானை ஏட்டிலிருந்து குடிலுக்குக் கொண்டுவர அத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஆறு மாதத்தில் மனம் உடைந்துபோக வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். பால் காளானுக்கு வேலை கூடுதல். வெள்ளை ஓடிய பையை இரண்டாக வெட்டி, மேலே வேகவைத்த மண் பரப்ப வேண்டும். அது பிறகு. முதலில் சிப்பியைச் சரியாகச் செய்வோம்.

இவ்வளவு சுலபமாக நான் காரணம் சொல்வதைப் பார்த்து, இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மகளிர் குழுவில் இருந்த அம்மா. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கிராமத்துக் குழுவுக்கு 30 புட்டி விதை கொடுத்தோம். ஒரு புட்டிக்கு இரண்டு பை என்று 60 பை கட்டினார்கள். பாதிக்கு மேல் வெள்ளை ஓடவில்லை. நான் போய்ப் பார்த்தேன், தோரணையாக மூக்கைச் சுளித்தேன், “சுத்தம் போதாதும்மா” என்றேன். அத்தனை பெண்களும் தலை குனிந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி, “சார், இதைக் கொஞ்சம் பாருங்க” என்று பைகளைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு பை கட்டும்போதும், அதற்கு விதை எடுத்த புட்டியின் மேல் இருந்த தேதியை ஒரு சீட்டில் எழுதி அந்தப் பையிலேயே ஒட்டியிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். “கணக்கு தெரியணும்ல சார்” என்றார்.

சீட்டுகளைப் படித்தேன். தோற்ற பைகள் எல்லாவற்றிலும் ஒரே தேதி. காளான் விதையைப் பதினைந்து, பதினெட்டு நாளில் போட்டுவிட வேண்டும். அந்தப் புட்டிகள் நாற்பது நாளுக்கு மேற்பட்டவை. பொங்கல் விடுமுறையில் எங்கள் ஆய்வகத்து அறையில் புழுக்கத்தில் கிடந்ததைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். அன்றைக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் புதுப் புட்டிகளோடு போய்த்தான் சொன்னேன். அந்த அம்மா, “பரவாயில்லை சார், எங்க கைதான் ராசியில்லைன்னு பயந்துட்டோம்” என்றார்.

அந்தச் சீட்டுகள் இல்லாவிட்டால் அந்த ஊரில் காளானே நின்றுபோயிருக்கும். நானும் கடைசிவரை “சுத்தம் போதாது” என்றே சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

தோல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அலெக்சாண்டர் பிளெமிங்கின் கதையைச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், நம் தொழிலுக்கு நெருங்கிய கதை. 1928 செப்டம்பரில் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில், கிருமி வளர்த்துக்கொண்டிருந்த ஒரு தட்டில் அவருக்குப் பூசணம் பிடித்துவிட்டது. உங்கள் பை மாதிரியே, கெட்டுப்போன தட்டு. பூசணத்தைச் சுற்றிக் கிருமிகள் செத்திருப்பதைக் கவனித்தார். பெனிசிலின் அதிலிருந்து வந்தது. இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவார்கள். மீதிக் கதைதான் எனக்குப் பிடிக்கும். பிளெமிங்கால் அந்தச் சரக்கைச் சுத்தமாகப் பிரித்து மருந்தாக்க முடியவில்லை. கொஞ்ச காலம் முயன்று பார்த்து விட்டுவிட்டார். ஆனால் விடுவதற்கு முன், 1929-இல், பார்த்ததையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதி அச்சேற்றினார். பத்து வருடம் கழித்து ஆக்ஸ்போர்டில் புளோரியும் செயினும் அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டுதான் மருந்தைக் கொண்டுவந்தார்கள். 1945-இல் நோபல் பரிசு மூவருக்கும் சேர்ந்து கிடைத்தது. எழுதி வைக்காமல் விட்டிருந்தால் அந்தத் தட்டு கழுவி வைக்கப்பட்ட இன்னொரு தட்டு, அவ்வளவுதான்.

உங்கள் மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். காரணம் தெரியாத இடத்தில் ராசி வந்து உட்கார்ந்துகொள்ளும், அது வழக்கம். ஆனால் அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். உறை ஊற்றிய பால் தயிராகாமல் திரிந்துபோனால் “இந்த வீட்டுக்குத் தயிர் ராசியில்லை” என்று சொல்வாரா? பால் ஆறுவதற்கு முன்னால் உறை ஊற்றினாயா, உறை புளித்ததா, பாத்திரத்தில் ஈரம் இருந்ததா என்று வரிசையாகக் கேட்பார். மார்கழியில் தோசை மாவு பொங்கவில்லை என்றால் அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பார். வெயில் காலத்தில் அரிசியோடு உளுந்து எவ்வளவு, உப்பு எப்போது என்று மாற்றுவார். நுண்ணுயிரியல் என்ற வார்த்தையைக் கேட்டிராமலே அதில் கைதேர்ந்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். காளானும் உறை ஊற்றுகிற வேலைதான். விதை என்பது உறை, வைக்கோல் பால். இப்படிச் சொல்லி அவரைக் குடிலுக்குள் அழைத்து வாருங்கள். உங்களைவிட அவர் முந்திக்கொண்டு கண்டுபிடிப்பார் என்று நினைக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. வைக்கலாமா, விடலாமா?

வைக்கலாம். ஆனால் 100 பை வேண்டாம். அடகு வைத்த நகைக்கு மேல் ஒரு ரூபாய் கடன் வாங்க வேண்டாம். நீங்கள் தோற்றதில் தவறில்லை, விலை கொடுத்துத் தோற்றதுதான் தவறு. பிப்ரவரியில் 120 பை சொல்லிக்கொடுத்த பாடத்தை 10 பையும் அதே மாதிரி சொல்லிக்கொடுத்திருக்கும். பத்துப் பைக்கு ஐந்து புட்டி விதை, ஐந்து கிலோ வைக்கோல். அது போனால் ஒரு நாள் மனசு கஷ்டம், மறுநாள் சரியாகிவிடும். 120 பை போனதால்தான் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதும் நிலைக்கு வந்தீர்கள்.

ஆடிக் காற்று முடியட்டும். ஐப்பசியில் மழை விழுந்து குளிர்ந்த பிறகு 10 பை வையுங்கள். வந்துவிடும், அதை வெற்றி என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அடுத்த 10 பையைப் பிப்ரவரியில் வையுங்கள், உங்களைக் கவிழ்த்த அதே மாதத்தில். அதுதான் பரீட்சை. வைக்கோலை வேறு இடத்தில், கழுவி உலர்ந்த தார்ப்பாயின் மேல் ஆற வையுங்கள். கைப்பிடி வைக்கோலை இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். ஆறினதும் தாமதிக்காமல் கட்டி முடித்துவிடுங்கள். மாமனாரின் விதைநேர்த்தி நாளும் உங்கள் பை கட்டும் நாளும் ஒன்றாக வரவே கூடாது. இதை அவரிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். அவர் செய்தது சரியான வேலை.

பிப்ரவரிப் பைகள் வந்துவிட்டால் அடுத்து 30 வைக்கலாம். தோற்றுவிட்டால்? அப்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். பழைய காரணத்துக்காகவே மறுபடி தோற்றிருந்தால் விட்டுவிடுங்கள். தெரிந்த தவறைத் திருத்த உங்களுக்கு இடமோ நேரமோ ஆளோ இல்லை என்று அர்த்தம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புதிதாக ஒரு காரணத்துக்காகத் தோற்றிருந்தால் இன்னொரு 10 பை பாருங்கள். தோல்வி இடம் மாறுகிறது என்றால் நீங்களும் நகர்ந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் விற்பனையைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது, தெருவில் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று. 6 கிலோவைத் தெரு வாங்கும். 120 பையும் ஒழுங்காக வந்திருந்தால் எழுபது கிலோவுக்கு மேல் வந்திருக்குமே, அதை யாருக்குக் கொடுத்திருப்பீர்கள்? சிப்பிக் காளான் பறித்த மறுநாளே வாடும். ஒருவேளை உங்களுடைய நான்காவது தோல்வி அங்கே காத்துக்கொண்டிருந்திருக்கலாம், பச்சைப் பூசணம் முந்திக்கொண்டது. ஐப்பசி வரை சும்மா இருக்கும் நாட்களில் பக்கத்து டவுனில் நாலு காய்கறிக் கடை, ரெண்டு ஓட்டல் ஏறி இறங்கிக் கேட்டு எழுதி வையுங்கள்: வாரத்துக்கு எத்தனை கிலோ, எந்தக் கிழமை, என்ன விலை, காசு கையிலா கடனா.

கடைசியாக, குடிலில் தொங்கும் அந்த மே மாதப் பைகள். எடுத்துப் போட மனசு வரவில்லை என்றீர்கள். நல்லதாகப் போயிற்று. எரிக்காமல் மிச்சம் வைத்திருக்கும் தோல்வி உங்களிடம் அது ஒன்றுதான். நாளைக் காலையில், காற்று எழும்புவதற்கு முன், மூக்கிலும் வாயிலும் ஈரத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். பூசணப் பொடி நெஞ்சுக்கு ஆகாது. பைகளைக் குடிலுக்குள் பிரிக்கவே வேண்டாம். குடிலுக்கும் வைக்கோல் போருக்கும் தள்ளி, குழி வெட்டிய இடத்துக்கு மூடியபடியே கொண்டுபோங்கள். அங்கே ஒரு பத்துப் பையை மட்டும் கத்தியால் நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். விதை மணியிலிருந்து வெள்ளை பூத்துப் பரவியிருக்கிறதா, பூக்காமல் மணி மஞ்சளாகக் கிடக்கிறதா? வெள்ளை பூத்துப் பிறகு செத்திருந்தால் குடிலின் சூடு. பூக்கவே இல்லையென்றால் விதை வரும் வழியிலேயே போய்விட்டது. அடியில் கூழாகி நாறுகிறதா? அப்படியென்றால் தண்ணீர் வடியாமல் கட்டியிருக்கிறீர்கள். குடை மாதிரி முளைத்து, கறுத்து மையாக உருகிக் கிடக்கிறதா? அது மைக் காளான், வைக்கோல் சரியாக அவியவில்லை என்று சொல்கிறது.

பார்த்ததை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று வந்தால் மறந்துபோகும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். பிறகு எல்லாப் பைகளையும் குழியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடுங்கள். குடிலை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி, கதவைத் திறந்து இரண்டு வாரம் காய விடுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஒருவர் கிழிக்க ஒருவர் எழுத வசதியாக இருக்கும்.

எழுதிய தாளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பத்துப் பையில் எத்தனை பைக்கு விதை மஞ்சளாக இருந்தது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அதைப் பொறுத்துத்தான் ஐப்பசிக்கு விதையை எங்கே வாங்குவது, எந்த நேரத்துப் பஸ்ஸில் கொண்டுவருவது என்று சொல்ல முடியும்.